ரெக்கைமேல் விழுந்த பழி

“ரெக்கை பீஸ் மட்டும் தின்னாதே, ஊசி போடுறது அங்கதான்.” ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள பெண்கள் விடுதிகளில் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் யாரும் இருந்திருக்க முடியாது. ஊரிலிருந்து கிளம்பும்போதே அம்மா சொல்லி அனுப்பியிருப்பார். அத்தை போனில் நினைவுபடுத்துவார். போதாக்குறைக்கு, யாரோ ஒரு மருத்துவர் பேசுவதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். பிராய்லர் கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம் ஹார்மோன் ஊசி. அந்த ஊசியைக் கழுத்திலும் இறக்கையிலும் போடுகிறார்கள். அதனால் மருந்தெல்லாம் இறக்கையில் தேங்கி நிற்கிறது. அதைத் தின்றால் கர்ப்பப்பையில் கட்டி, சினைப்பையில் நீர்க்கட்டி, சின்னப் பெண்களுக்கு அகாலத்தில் பூப்பு. செய்தியின் சாரம் இவ்வளவுதான். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள்.

இது தவறு. சொல்லில் மட்டும் தவறு என்றால் விட்டுவிடலாம். ஆலைகள் நிறைந்த இந்தத் தொழிற்பகுதியில் இதனால் நடக்கும் கெடுதல் பெரியது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க முடியும். மாத்தூர், சுங்குவார்சத்திரம், படப்பை பக்கங்களில் வாடகை வீடுகளிலும் தனியார் விடுதிகளிலும் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. ஆலைகளில் நாளெல்லாம் நின்றே செய்யும் வேலை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. இரும்புச்சத்தில் ஆட்டு ஈரலுக்குக் கோழி ஈடாகாது. ஆனால் ஆலைச் சம்பளத்தில் வாரம் இருமுறை வாங்கித் தின்னக்கூடிய இறைச்சி கோழிதான். அதிலும் விலை மலிந்த துண்டு இறக்கை. வயிறு நிறையப் புரதம் சாப்பிட வேண்டிய வயதில் இருக்கும் பெண்ணை, கையில் எடுத்த துண்டைக் கீழே வைக்கச் சொல்கிறது இந்த வதந்தி. பையன்களிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் சேவல் குஞ்சுகளைக் கொழுக்க வைப்பதற்காக டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை மாத்திரை வடிவில் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். சேவலுக்குச் சதை ஏறவில்லை, கொழுப்புதான் ஏறியது. இறைச்சியில் மருந்தின் மிச்சம் தங்குவது தெரிந்ததும் 1959-ல் கோழிகளில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. இன்றைக்கும் அங்கே ஒரு கோழிப் பொட்டலத்தில் ‘ஹார்மோன் சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்டால், கோழிக்கு ஹார்மோன் கொடுப்பதைச் சட்டமே தடுக்கிறது என்ற வரியையும் கூடவே அச்சிட வேண்டும். இந்தியாவில் பிராய்லர் பண்ணைகள் பெருகத் தொடங்கியதே 1970களில்தான். அதற்குப் பத்தாண்டு முன்னரே கைவிடப்பட்ட ஒரு வழக்கத்தின் நிழலைப் பார்த்துத்தான் இன்றும் பயந்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி? கேள்வி நியாயமானது. பதிலைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் எடையிட்டே காட்டியிருக்கிறது. 1957-ல் வழக்கிலிருந்த இனம், 1978-ல் வழக்கிலிருந்த இனம், 2005-ல் சந்தையில் இருந்த இனம் ஆகிய மூன்றையும் ஒரே கொட்டகைச் சூழலில், ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். ஹார்மோன் எதுவும் கிடையாது. 56-ஆம் நாள் தராசில் வைத்தபோது முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். 2014-ல் வெளியான ஆய்வு இது. வேறுபாடு பிறவியில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளரும் சேவலையும் பெட்டையையுமே தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததன் விளைவு. நெல்லில் குட்டை ரகமும் பசுவில் கறவை இனமும் வந்த அதே வழி. இங்கே பெருவாரியாக வளர்க்கப்படும் வென்காப் இனமும் அப்படி உருவானதுதான். அந்தப் பிறவி வேகத்துக்கு ஈடுகொடுக்க மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அமினோ அமிலங்களும் அளந்து கலந்த தீவனம் கிடைக்கிறது. இவ்வளவு வேகமாக வளரும் பறவையின் கால்களும் இதயமும் படும் பாட்டைப் பற்றி விலங்கு நல ஆர்வலர்கள் எழுப்பும் கேள்விகள் உண்மையானவை. அவை வேறு விவாதம்.

பண்ணையின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிறு அதைச் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், ரத்தத்தில் அது நெடுநேரம் நிற்காது என்பதால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 5,000 குஞ்சுகள் உள்ள ஒரு கொட்டகையில், ஒரு குஞ்சைப் பிடித்து ஊசி குத்திவிட 10 விநாடி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். பல்லடம், உடுமலைப் பக்கம் கொட்டகை வைத்திருக்கும் விவசாயிக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திடமிருந்து வருகின்றன. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தித் தரச் சொல்லி அவர்கள் போராடியிருக்கிறார்கள். கிலோவுக்குச் சில ரூபாய்க் கூலியில், ஆள் வைத்து, விலை உயர்ந்த ஹார்மோனைத் தினமும் குத்துவதற்கு எந்த விவசாயிக்குக் கட்டுப்படியாகும்? வளரும் குஞ்சுகளுக்குக் கோழி வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. பெரிதாக எடை கூடவில்லை.

ஆனால் இறக்கையில் ஊசி போடுவது உண்மையா என்று கேட்டால், உண்மைதான். பிராய்லருக்கு அல்ல. நாட்டுக்கோழிக்கு.

தமிழக கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊர் ஊராக, இலவசமாக. வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் அந்த நோய் வந்தால் ஒரு வாரத்தில் கொல்லைப்புறக் கோழிகள் மொத்தமும் காலியாகிவிடும். எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு ஆர்2பி என்ற தடுப்பூசியை இறக்கையை விரித்துப் பிடித்து, தோலுக்கடியில் அரை மில்லி ஏற்றுவார்கள். அம்மைத் தடுப்பூசியையும் இறக்கைச் சவ்வில்தான் குத்துவார்கள். ஐந்தாறு வாரத்தில் கறிக்குப் போய்விடும் பிராய்லருக்கு ராணிக்கெட் மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவார்கள், பிறகு குடிநீரில் கலந்து கொடுப்பார்கள். இந்தத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் அரசு நிலையம், ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் 1932-லிருந்து இயங்குகிறது. ஆக, “பிராய்லர் வேண்டாம், ஊசி போடாத நாட்டுக்கோழிதான் வேண்டும்” என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குபவரின் தட்டில்தான் இறக்கையில் ஊசி வாங்கிய கோழி இருக்கக்கூடும். அந்த ஊசியால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அது இருப்பதால்தான் கிராமத்துப் பெண்கள் வளர்க்கும் கோழிகள் உயிரோடிருக்கின்றன.

இந்த முரண் கடைத்தெருவில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. இறக்கையைத் தொடமாட்டேன் என்பவர்கள் சிக்கன் லாலிபாப்பை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். லாலிபாப் என்பது இறக்கைதான். எலும்பைச் சுற்றியுள்ள சதையைக் கத்தியால் வழித்து மேலே திரட்டிவிட்டால் லாலிபாப். சதையைத் திரட்டும்போது ஹார்மோன் எங்கே போயிற்று?

பூப்பு விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்கள் பூப்பெய்தும் சராசரி வயது 16, 17 என்று பதிவாகியிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13-ஐ நெருங்கிவிட்டது. இந்தச் சரிவின் பெரும்பகுதி பிராய்லர் கோழி என்ற ஒன்று உலகத்தில் வருமுன்பே நடந்து முடிந்தது. சோறு கிடைத்தது, தொற்றுநோய் குறைந்தது, உடல் எடை சீக்கிரம் கூடியது. பூப்பும் முன்னால் வந்தது. சினைப்பை நீர்க்கட்டிக்கும் கோழி இறக்கைக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான். பரம்பரையும் இன்சுலின் சரிவர வேலை செய்யாததும் உடல் எடையும் சேர்ந்து உருவாக்கும் பிரச்சினை அது.

இந்த இடத்தில் கோபம் வர வேண்டும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறி, பகலில் நாலு மணி நேரம் தூங்கி, மறுபடி இரவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது. சுழற்சி ஷிப்ட்டுக்கும் மாதவிடாய் ஒழுங்கு குலைவதற்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் விடுதி அறையில் அவளுக்குக் கிடைக்கும் விளக்கம், “போன வாரம் ரெக்கை தின்னியே, அதான்.” வேலை நேரத்தின் மீதும் தூக்கத்தின் மீதும் எழ வேண்டிய கேள்வி ஒரு கோழித்துண்டின் மீது போய் விழுகிறது. அவள் மருத்துவரிடம் போக வேண்டிய மாதங்கள் வீணாகக் கழிகின்றன.

கோழியில் பயப்பட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது, ஆன்டிபயாடிக். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில்தான் தடைசெய்தது. மருந்து கொடுத்தபின் இத்தனை நாள் கழித்தே வெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியைப் பண்ணைகள் கடைப்பிடிக்கின்றனவா என்று யார் பார்க்கிறார்கள்? இது உண்மையான கேள்வி. ஆனால் அந்த மிச்சம் சதையிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் பரவி நிற்கும். இறக்கையைத் தள்ளிவிட்டு மார்புக்கறியைத் தின்பவர் இதிலிருந்து தப்பிவிட முடியாது.

இரண்டாவது, கிருமி. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத பதற்றத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களை வீழ்த்தியது ஹார்மோன் அல்ல, சமையற்கட்டு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். வெந்தும் வேகாமலும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் நிற்கும் இறைச்சியில் கிருமி பெருகும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடைசெய்ததும் இதே காரணத்தால்தான். ரெக்கைத் தட்டில் ஓரமாக வைத்துத் தரும் அந்த வெள்ளைக் குழம்பைப் பற்றிக் குரல் பதிவு எதுவும் எச்சரிப்பதில்லை. கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சாயத்தைப் பற்றியும் எச்சரிப்பதில்லை. கபாப்களில் செயற்கை நிறம் கூடாது என்று கர்நாடகம் 2024 ஜூனில் உத்தரவு போட்டது.

பயம் இந்த இடங்களுக்குத் திரும்பினால், தணலில் சுட்ட காரமான இறக்கையை நிம்மதியாகச் சாப்பிடலாம். அதைச் சரியாகச் செய்யும் முறை தெரிந்தால் கடைக்காரரின் கையைப் பார்த்தே நல்ல கடையை அடையாளம் கண்டுவிடலாம். விடுமுறை நாளில் மொட்டைமாடியில் தாங்களே சுடுபவர்களுக்கும் இது உதவும்.

அடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பகுதியில் பழைய பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, கால் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுக்கப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. சாயமோ கரைப்பானோ இருந்த டிரம்மைப் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி எத்தனை முறை எரித்தாலும் நம்ப முடியாது. வாட்டும் கம்பிவலை துத்தநாகம் பூசிய ஜிஐ வலையாக இருக்கவே கூடாது; சூடேறினால் துத்தநாகம் புகையும். வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு அந்தப் புகையில் வரும் காய்ச்சல் நன்றாகத் தெரியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போதும், இந்த ஊரில் அது கிடைக்காமல் போகாது. கரிக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கறியில் ஏறும். கரி முழுக்கக் கனன்று மேலே சாம்பல் படரும் வரை பொறுக்க வேண்டும்.

இறக்கையைத் தோலோடு வாங்க வேண்டும். நம் ஊர்க் கறிக்கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள். தோல் போனால் தணலுக்கு எதிரே அந்தச் சின்னச் சதைக்குப் பாதுகாப்பில்லை, பத்து நிமிடத்தில் நாராகிவிடும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் கிருமி தெறித்துச் சமையல் மேடை முழுக்கப் பரவும். ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி, துடைத்துவிட வேண்டும். இறக்கையில் இரண்டு மூட்டு உண்டு. விரலால் தடவினால் எலும்புகள் சேரும் பள்ளம் தட்டுப்படும். அங்கே கத்தியை வைத்து அழுத்தினால் வெண்ணெயாக இறங்கும். நுனியைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டு துண்டுகளில் கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் மிளகும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி, சில மணி நேரம் குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தால் தோல் காய்ந்து இழுபடும். சுடும்போது மொறுமொறுப்பது அதனால்தான்.

பெரும்பாலான கடைகள் தவறுவது நெருப்பில். கரியை அடுப்பு முழுக்கப் பரப்பி, மிளகாய் விழுதில் ஊறிய துண்டை நேரே தணல்மேல் போடுகிறார்கள். வெளியே மிளகாய் கருகிக் கசக்கிறது, உள்ளே எலும்போரம் வேகவில்லை. கரியை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விட வேண்டும். இறக்கையைக் காலிப் பக்கத்தில் அடுக்கி, மூடிபோட்டு, 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு உருகி வடியும், ஜவ்வு இளகும். அதன் பிறகுதான் காரம். ராமநாதபுரம் முண்டு மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் சீரகமும் எலுமிச்சையும் கொஞ்சம் கடலெண்ணெயும் சேர்த்து, வெந்த துண்டுகளில் புரட்டி, தணல் பக்கத்துக்கு நகர்த்தி, திருப்பித் திருப்பி மூன்று நான்கு நிமிடம். விழுது தோலில் பற்றிக்கொண்டு, அங்கங்கே செம்பழுப்பாகி, எண்ணெய் நுரைத்து அடங்கும்போது எடுத்துவிட வேண்டும். நாட்டுச் சர்க்கரை சேர்ப்பவர்கள் கடைசி ஒரு நிமிடத்தில் சேர்க்கட்டும்.

வெந்ததா என்று பார்க்கக் கண்ணை நம்பக் கூடாது. இளம் கோழியின் எலும்பு நுண்துளை கொண்டது, மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து எலும்போரம் சிவப்பாகத் தெரியும். நன்றாக வெந்த கறியிலும் தெரியும். அதைப் பார்த்து நல்ல கடையில் சண்டை பிடிப்பவர்களும் உண்டு, வெளியே கருகியதைப் பார்த்து வேகாததை விழுங்குபவர்களும் உண்டு. ஊசிமுனை வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சதையின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் கிருமி சாகும். இறக்கைக்கு 80-ஐத் தாண்டினால்தான் ஜவ்வு இளகி ருசி வரும். அளவுக்கருவி இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட முடுக்காத தொழிற்சாலைகளின் வாசலில் கடை போட்டிருப்பவர்களுக்கு இது அந்நியமான பழக்கம் ஆகாது.

கடையில் பார்க்க வேண்டியது ஒரு பிரஷ்ஷை. பச்சைக் கறி ஊறிய மசாலாக் கிண்ணத்தில் முக்கி, அதே பிரஷ்ஷால் வெந்த துண்டில் தடவித் தட்டில் வைத்தால் அரை மணி நேரம் சுட்டதெல்லாம் வீண். பச்சைக்கு ஒரு கிண்ணம், வெந்ததற்கு ஒரு கிண்ணம், தனித்தனி இடுக்கி. இது இருக்கிற கடை நல்ல கடை.

கருகிய கறியால் புற்றுநோய் வராதா என்று அடுத்த எதிர்ப்பு வரும். இதில் சாரமுண்டு. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும், கடும் சூட்டில் கருகும் சதையிலும் கெட்ட ரசாயனங்கள் உருவாவது உண்மை. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை முதல் பட்டியலிலும் ஆடு மாடு போன்ற சிவப்பிறைச்சியை அடுத்த பட்டியலிலும் வைத்தது. கோழி அந்த வகைப்பாட்டில் வரவில்லை. கோழிக்கு மசாலா ஊறவைத்துச் சுட்டுப் பார்த்த ஆய்வில் அந்த ரசாயனங்களில் முக்கியமான ஒன்று வெகுவாகக் குறைந்தது. கரியை ஒதுக்கிவைத்துச் சுடும் முறையில் கொழுப்பு தணலில் சொட்டுவதே குறைவு. கரிந்த ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, வாரத்தில் ஓரிரு நாள் சாப்பிடுபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கடைசியாக, காரமான கோழி இறக்கை நம் சாப்பாடே இல்லை என்கிறார்கள். அமெரிக்காவில் பஃபலோ நகரின் ஆங்கர் பாரில் 1964-ல் தெரசா பெலிசிமோ இறக்கையைப் பொரித்துக் காரக் குழம்பில் புரட்டிக் கொடுத்தார். உலகம் அதைப் பின்பற்றியது. அந்த பஃபலோ அன்றைக்கு எஃகு ஆலைகளும் கார் உதிரிபாக ஆலைகளும் நிறைந்திருந்த ஊர். ஜப்பானில் காரமான இறக்கைக்குப் பேர்போன நகோயா, அந்நாட்டு மோட்டார் தொழிலின் மையம். அங்கே 1960களில் இந்தப் பண்டம் பரவியது. சூப்புக்கென்று ஒதுக்கிய மலிவான துண்டு, ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் பேர் வாங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கி, ஒரகடத்தில் ரெனோ-நிசானும் டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் வந்து சேர்ந்த இந்தச் சாலையிலும் அது நடப்பதில் வியப்பில்லை.

கோழியைத் தீயில் வாட்டுவதையோ யாரிடமிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் வழியில் உழவர் வீடுகளில் வெண்சோற்றுடன், வீட்டில் வளர்த்த பெட்டைக்கோழியை வாட்டிக் கொடுப்பார்கள் என்று பாணனுக்கு வழி சொல்லப்படுகிறது. இந்தத் தொழிற்பகுதி இருப்பதும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். கிராமங்களில் இன்றும் கோழியின் இறகைப் பிடுங்கி, மஞ்சள் பூசி, வைக்கோல் தீயில் தோலோடு வாட்டித்தான் கறி வெட்டுகிறார்கள்.

ஆலைகளின் மருத்துவ அதிகாரிகளிடமும் விடுதிக் காப்பாளர்களிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் கேட்பது இது. விடுதிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும்போது கைகழுவுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போய்விடாதீர்கள். ஊசிக் கதைக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள். சமையற்கட்டுக்கு ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று சொல்லும் பெண்ணிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்குமுன் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்டு, மகளிர் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.